சத்தமாச் சொல்லு தம்பி

முழங்கை வரை கையை விட்டுக் கேழ்வரகைக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஈரம். கொண்டு போயி வெயில்ல போடு" என்று வாளியைத் திருப்பித் தள்ளுகிறார் முனீஸ்வரி. கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய வீட்டுக்காரராக இருந்தாலும் இதே பதில்தான். கோம்பை மேலத்தெரு முக்கில் இருக்கிற மாவு மில் அவருடையது. கணவர் போன பிறகு அவர்தான் ஓட்டுகிறார். நாற்பத்தாறு வயதுதான், ஆனால் மாவு படிந்த புருவத்துக்கு எழுபது வயது சொல்லலாம்.

மெஷின் பக்கத்திலேயே நிற்பதால் அவருக்குக் காது மந்தம் என்பது ஊர் நம்பிக்கை. அதை அவர் கெடுத்ததில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எனக்கு முதல்ல அரைச்சுக் குடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. தெருக்கோடியில் இரண்டு பெண்கள் யார் வீட்டுப் பெண்ணுக்கோ போடியில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகக் கிசுகிசுத்தால், மெஷினை நிறுத்தாமலே திருத்துவார்: "போடி இல்ல, சின்னமனூரு."

அந்த மில் வாசலில்தான் ஈஸ்வரபாண்டி, வரப்புத் தகராறில், குருசாமியின் கையை மண்வெட்டிக் காம்பால் அடித்து முறித்தார். தெருவில் நல்ல கூட்டம் இருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது, அடி விழுந்த நேரத்தில் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். இன்னொருவர் மழை வருமா என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முனீஸ்வரி மட்டும் பார்த்ததாகச் சொன்னார். உனக்கெதற்கு இந்த வேலை என்று தங்கை திட்டினார். "கண்ணத் தொறந்துக்கிட்டுல்ல நின்னேன், என்ன செய்ய?" என்றார் இவர்.

ஈஸ்வரபாண்டியின் தம்பி வேல்பாண்டி குரலை உயர்த்தாத மனிதர். மிளகாய் வற்றலைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத நேரமாகப் பார்த்து வருவார். தராசுப் பக்கம் குனிந்து, "பெல்ட்டு ஓடுற எடம்க்கா. சேலை சிக்கிரப்போவுது. ஒத்தையில வேற இருக்கீக" என்பார். வழக்கு விசாரணைக்கு வரப்போகிற சமயம், ஒரு நாள் காலையில் மில்லைத் திறந்தால் பெல்ட் இரண்டாகக் கிடந்தது. கத்தி வைத்த வெட்டு. விசாரிக்க முதல் ஆளாக வந்தவரும் வேல்பாண்டிதான்.

"எலியா இருக்கும்க்கா" என்றார். "பெரிய எலி."

அன்று புதுப் பெல்ட்டை மாட்டும்போது முனீஸ்வரி போல்ட்டைக் கீழே போட்டுப் போட்டு எடுத்தார்.

உத்தமபாளையம் போய் அரசு வக்கீல் ஜோதிலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சாட்சியை மிரட்டுவது கோர்ட்டையே அவமதிக்கிற காரியம், வழக்கை விசாரிக்கிற நடுவர் மதுரை ஹைகோர்ட்டுக்கு எழுதினால் ஆள் அங்கே போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும் என்றார் வக்கீல். முனீஸ்வரிக்கு முகம் மலர்ந்தது. அதை வாட வைக்கவும் வக்கீலுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சேலை சிக்கும் என்றது மிரட்டலா, அக்கறையா? சாட்சி என்ற சொல் அதில் எங்கே வந்தது? பெல்ட்டை அறுத்ததைப் பார்த்தது யார்? அவமதிப்பென்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்; எலி புகுகிற சந்துகூட இருக்கக் கூடாது.

"சாட்சி சொன்னா இன்னது செய்வேன்னு அவரு வாயால வரணும்க்கா. அத உங்களத் தவிர வேற ஆளும் கேட்டிருக்கணும்."

"அவரு குசுகுசுன்னுல்ல பேசுறாரு" என்றார் முனீஸ்வரி.

வாய்தா நாளன்று கோர்ட்டு வராந்தாவில் நிழலில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. முனீஸ்வரி அதை விட்டுவிட்டு, வெயில் விழுகிற பெஞ்சில், விசாரணை நடக்கிற அறையின் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தார். வேல்பாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் குனிந்து, உள்ளே போய் வாயைத் திறக்காதே என்றார்.

முனீஸ்வரி காதோரம் கையைக் குவித்தார். "மில்லுல நின்னு காது போச்சு. சத்தமாச் சொல்லு தம்பி."

வேல்பாண்டி கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். வாய் வறண்டிருந்தால் அங்கன பானையில் தண்ணீர் இருக்கிறது, போய்க் குடி என்றார் முனீஸ்வரி. பல்லைக் கடித்துக்கொண்டு, கொளுத்திவிடுவேன் என்றார் வேல்பாண்டி.

"ஆமா தம்பி, கொளுத்தத்தான் செய்யுது. மழையக் காணோமே."

சேலை மடிப்புக்குள் அவருடைய இடது கை பெஞ்சுக் கட்டையை இறுகப் பற்றியிருந்தது. வேல்பாண்டி எழுந்தே விட்டார். வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த சத்தம் முழுவதும் ஒன்றாக வந்தது.

"வெயில் இல்ல! நீ உள்ள போயி எங்கண்ணனுக்கு எதிரா சாட்சி சொன்னேன்னா மில்லக் கொளுத்துவேன். உன்னையும் உள்ள வச்சுக் கொளுத்துவேன்!"

அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறந்த டவாலி அப்படியே நின்றார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்கள் திரும்பினார்கள். ஜன்னலுக்கு உள்ளே நடுவரின் பேனா நின்றது.

"இப்பக் கேட்டுச்சு" என்றார் முனீஸ்வரி.

நடுவர் அங்கேயே விசாரித்தார். டவாலியும் அந்த இரண்டு வக்கீல்களும் கேட்டதைக் கேட்டபடி சொல்ல, எழுதிக்கொள்ளப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. செவிட்டுப் பெண் எதைக் கேட்டிருக்க முடியும் என்று காட்டுவதற்காக, திரும்பி நின்றுகொண்டு முணுமுணுப்பாக ஒரு கேள்வி கேட்டார். முனீஸ்வரி அதே முணுமுணுப்பில், "நல்லாக் கேக்கும்யா" என்றார்.

அப்படியானால் வேண்டுமென்றே கத்த வைத்தீர்களா என்றார் அவர்.

"அவுக சொல்ல வந்தத நாலு பேருக்குக் கேக்கச் சொல்லட்டும்னுதான்."

நடுவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அன்றே குருசாமி வழக்கிலும் சாட்சி சொல்லிவிட்டுத்தான் முனீஸ்வரி படியிறங்கினார். பிறகு ஈஸ்வரபாண்டிக்குத் தண்டனையானது; அப்பீல் போயிருக்கிறார். வேல்பாண்டிக்கு மதுரையிலிருந்து நோட்டீஸ் வந்தது. போய்க் கைகட்டி நின்று மன்னிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

போன வாரம் வேல்பாண்டியின் மனைவி யுவராணி, கைப்பிள்ளைக்குச் சத்துமாவு அரைக்க வந்தார். வாசலில் தயங்கி நின்றவரைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சற்று முன்புதான் மெஷினில் மிளகாய் வற்றல் ஓடியிருந்தது. அந்தக் காரவாசம் இன்னும் போகவில்லை. முனீஸ்வரி தூக்குவாளியை வாங்கி ஓரமாக வைத்தார். தன் வீட்டு அரிசியிலிருந்து இரண்டு கை அள்ளி வந்து மெஷினில் போட்டு ஓட்டினார். வந்த மாவை வாசலில் கோழிகளுக்கு வீசிவிட்டு, வாசம் போய்விட்டதா என்று மெஷின் வாயில் மூக்கை வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு கை அரிசி எடுத்துவர உள்ளே போனார்.