ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் பள்ளியின் வொர்க்‌ஷாப் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் வெளிர்நீலச் சட்டை ஒன்று தொங்கும். கூட்டித் துடைக்கும் உதவியாளர்களுக்குப் பள்ளி கொடுக்கும் சீருடை அது. சாதாரண நாட்களில் அதை யாரும் தொடமாட்டார்கள். கல்வித்துறை ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மட்டும், அங்கே மின் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவர் தன் முழுக்கைச் சட்டையைக் கழற்றி, மடித்து, மேசைக்குள் வைத்துவிட்டு அதை மாட்டிக்கொள்வார். கையில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விடுவார். நான் இயற்பியல் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிப்போய் அவர் நின்ற இடத்தில் நிற்பேன்.

பள்ளி ஷார்ஜா முவைலாவில். பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் உள்ளவர்களுக்கு அறிவியல், கொஞ்சம் குறைந்தவர்களுக்கு வணிகவியல், அதிலும் இடம் கிடைக்காதவர்களுக்குத் தொழிற்பிரிவு. தொழிற்பிரிவு என்றதும் பெற்றோர்கள் ஏதோ நோயின் பெயரைச் சொன்னதுபோல் முகம் சுருங்குவார்கள். எங்கள் அறிவியல் துறைக்கு முதல் மாடியில் ஏசி போட்ட ஆய்வகம் இருந்தது. அவர்களுக்கு, பஸ்கள் நிற்கும் இடத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். இரண்டையும் சேர்த்து என்னைத் துறைத் தலைவி ஆக்கும்வரை நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் அவரை வொர்க்‌ஷாப் சார் என்பார்கள். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்து, துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கிப் பல கட்டிடங்களுக்கு வயரிங் செய்தவர். பழுது பார்க்கத்தான் பள்ளி அவரை எடுத்தது. தொழிற்பிரிவு ஆசிரியர் ஒருவர் திடீரென்று ஊருக்குப் போய்விட, ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரை உள்ளே அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் ஒன்பது வருடமாயிற்று. பட்டம் இல்லாததால் ஆசிரியராக அவருக்கு அனுமதி வாங்க முடியாது. விசாவில் உதவியாளர் என்றே இருந்தது. பதிவேட்டில் மின் பயிற்சி ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர். வாரம் தவறாமல் அதில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் வேறு ஏற்பாடு செய்துவிடலாம் என்று முதல்வர் ஒவ்வொரு வருடமும் சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஓர் ஆய்வு நாளை என்னால் மறக்க முடியவில்லை. மாடிப்படி விளக்கை மேலும் கீழும் இரண்டு சுவிட்சுகளால் போட்டு அணைக்கும் இணைப்பைச் செய்துகாட்டச் சொன்னார் ஆய்வாளர். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கம்பியைக் கையில் எடுத்ததும் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒருவழியாக மாட்டினேன். கீழ் சுவிட்சுக்கு விளக்கு எரிந்தது, மேல் சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை, தலை குனிந்துகொண்டார்கள். ஆய்வாளர் கோப்பில் ஏதோ எழுதக் குனிந்தபோது, பின்னாலிருந்து நீலச் சட்டையில் வொர்க்‌ஷாப் சார் மேசையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டரால் ஒரு திருகைத் தளர்த்தி, ஒரு கம்பியை இடம் மாற்றி முடுக்கினார். மறுபடியும் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். விளக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. முன் வரிசையில் இருந்த பெண், "தேங்க் யூ" என்று தொடங்கி, 'சார்' வருவதற்குள் வாயை மூடிக்கொண்டு, "பையா" என்று முடித்தாள். உதவியாளர்களை இந்தியில் அண்ணன் என்று கூப்பிடும் சொல் அது. ஆய்வாளர் முன் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று பழக்கியிருந்தோம். பாடத்தையும் பயிற்சியையும் நான் இணைத்த விதம் அருமை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். பணியாளர் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அதற்கடுத்த வருடம் அவர் ஊருக்குக் கிளம்ப முடிவு செய்தார். ஊர்ப்பக்கத்தில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநர் வேலை காலியாம். கற்பித்த அனுபவத்துக்குச் சான்று மட்டும் வேண்டுமாம். இனி மனைவி, பிள்ளைகளோடு இருக்கலாம் என்று சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது. சான்றிதழ் எழுதும் வேலை துறைத் தலைவியான என் தலையில் விழுந்தது. நான் முதல்வரிடம் போனேன். உண்மையை எழுதினால் பள்ளிக்குப் பூட்டு விழும், முதலில் மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் என்று அமைதியாகச் சொன்னார். மிரட்டவில்லை. இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். வீட்டில் என் மகளின் பத்தாம் வகுப்பும் கார்க் கடனும் நினைவுக்கு வந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

"மேடம், 'சொல்லிக்குடுத்தாரு'ன்னு ஒரு வார்த்தை எங்கயாச்சும் வந்தாப் போதும். அதுக்கு மேல நீங்க எதும் எழுத வேணாம்" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் எழுத முடியவில்லை. நேரம் தவறாதவர், வொர்க்‌ஷாப்பைச் சுத்தமாக வைத்திருந்தவர், பணிவானவர் என்று எழுதினேன். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இங்கிலீஷ் நல்லா இருக்கு மேடம்" என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பயிற்றுநர் வேலை கிடைக்கவில்லை. அதே இடத்தில் ஸ்டோர் ரூமுக்கு ஆள் தேவைப்பட்டதாம், சான்றிதழைப் பார்த்துவிட்டு அதற்கு எடுத்துக்கொண்டார்களாம். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியபோது இரண்டே வரியில் அதைத் தெரிவித்திருந்தார்.

போன மாதம் என் கணவருக்கு தோஹாவுக்கு மாற்றலானது. நானும் அங்கே ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்து, என் அனுபவச் சான்றிதழை வாங்கப் போனேன். இயற்பியல் பதினான்கு ஆண்டு, மின் பயிற்சி ஒன்பது ஆண்டு என்று இருந்தது. இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னேன். பதிவேட்டில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்று சொல்லி, அலுவலகப் பெண் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். எல்லாம் என் கையெழுத்து.

வீடியோவில் நேர்காணல் நடந்தது. தோஹா பள்ளியில் புதிதாகத் தொழிற்பிரிவு தொடங்குகிறார்களாம். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வயரிங் கற்றுக்கொடுத்து எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டார்கள்.

ஒன்பது என்றேன்.