ஊற விடாத கிணறு

அந்த ஊற்றை வற்றவைத்தவன் நான்தான். மழை இல்லாததால் வற்றியது என்று ஊரை நம்பவைத்தவனும் நானே!

ரொறன்ரோவுக்கு வருவதற்கு முன், வளைகுடாப் பாலைவனத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு நகரத்துக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. பழைய ஊர் ஊற்றை நம்பியிருந்தது. புதிய வீடுகளுக்கு, சற்றுத் தள்ளி ஒரு குழாய்க்கிணறு. இரண்டுக்கும் அடியில் ஒரே நீர்தான். பகலில் இறைத்தால் இரவில் கிணற்றை ஊற விடவேண்டும்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்கு இறைத்து வளர்ந்தவன் நான்!

வேலை முடிந்ததும் ஹமீது என்பவரின் பேரீச்சந் தோட்டத்துக்குப் போவேன். ஊற்று வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு, ஏலக்காய் மணக்கும் கோப்பி குடிப்போம். என் அரபைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் எனக்கிருந்த ஒரே நிம்மதி அந்த வாய்க்கால்தான்... இப்போது நினைத்தாலும் கால் குளிர்கிறது.

புதிய வீடுகள் பெருகின. குழாயில் தண்ணீர் நின்றால் மேலாளரிடம் முறைப்பாடு போனது. நிற்காதபோது எல்லோர் முன்னிலையிலும் அவர் என் தோளில் தட்டினார். அதற்கு மயங்கி, இரவிலும் பம்பை ஓடவிட்டேன். வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. வீடுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டிருக்கலாம். ஏச்சு வாங்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

வாய்க்கால் மெலிந்தது. ஏன் என்று ஹமீது கேட்டார். மழை இல்லை என்றேன். தண்ணீர்க்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. ஓலைகள் காயத் தொடங்கியபோது எனக்குக் கனடா கிடைத்தது. ஓடி வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு, அங்கே என்னோடு வேலை செய்த சிவமண்ணை, ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த என் அப்பார்ட்மென்டுக்கு வந்தார். ஊற்று முற்றாக வற்றிவிட்டதாம். ஹமீது மரங்களை விட்டுவிட்டு மகனோடு தலைநகருக்குப் போய்விட்டாராம்.

“உம்மைத்தான் விசாரிச்சவர். நீர் அங்கயே நிண்டிருந்தா ஊற்றை வத்த விட்டிருக்க மாட்டீராம்.”

தேநீர் கொண்டுவந்த என் மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வருமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு...

“ஓம் அண்ணை, நான் நிண்டிருக்க வேணும்.”

அன்று முதல், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அந்தக் கதையைச் சொல்கிறாள். நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.