தண்ணிப் பக்கத்து றெக்கை

சின்ன பிளேன்ல ஏறலாமா, பயமில்லையான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நேரா பதில் சொல்லத் தெரியல, இதச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ஆனா பேய் பிசாசுன்னு பேசித் திரியிற ஆளுன்னு மட்டும் என்ன நெனச்சுராதீங்க. எங்க தேயிலத் தோட்டத்து ஃபேக்டரியில ரோதமுனின்னு ஒரு சாமி இருக்கு, மெஷினுக்கெல்லாம் அதுதான் காவலாம், வருஷா வருஷம் சேவலறுத்துப் பூசை போடுவாங்க. "பேரிங்குக்கு ஒழுங்கா கிரீஸ் போட்டா முனி எதுக்கு"ன்னு கேட்டு அம்மாகிட்ட வெறகுக் கட்டையால அடி வாங்குனவ நான். எனக்கு அப்பவே வாய் ஜாஸ்தி.

பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத் தொழிலாளிங்க வரிசையாக் குடியிருக்கிற ஒரு லயத்துலதான் பொறந்தேன். இப்ப விமான மெக்கானிக். கொழும்புப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி, பேரு வேணாம், ரெண்டே ரெண்டு பிளேன். ஒன்னு சாதாரணமா ஓடுதளத்துல எறங்குறது, இன்னொன்னு தண்ணியில எறங்குறது, அதுக்குச் சக்கரத்துக்குப் பதிலா அடியில ரெண்டு மிதவை இருக்கும். நான் பாத்து, சரின்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாத்தான் அது பறக்கலாம். என் கையெழுத்துக்கு அம்புட்டு மரியாத, வீட்டுலதான் இல்ல.

ஒலகத்துல எங்கயாவது ஒரு பிளேன்ல ஏதாச்சும் ஒரு எடத்துல வெடிப்பு கண்டுபிடிச்சாங்கன்னு வைங்க, அதே மாடல் வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டாய உத்தரவு வரும். இத்தன மணி நேரம் பறக்குறதுக்குள்ள அந்த எடத்த சோதிக்கணும், வெடிப்பு இருந்தா அந்தத் துண்டக் கழட்டி வீசிட்டுப் புதுசு போடணும், இல்லன்னா எடத்த விட்டு அசைக்கக் கூடாது. கெஞ்சிக் கூத்தாடுனாலும் நடக்காது. அப்படி ஒரு உத்தரவு எங்க தண்ணி பிளேனுக்கு வந்துச்சு. றெக்கையத் தாங்குறதுக்குச் சாய்வா ஒரு கம்பி இருக்கும், அது பிளேன் ஒடம்போட சேர்ற எடத்துல கையகல இரும்பு ஒன்னு, ரெண்டு பக்கமும் அதப் பாக்கணும். உத்தரவு வந்த நேரம் பிளேன் மலநாட்டுல இருக்கு, டிக்கோயாவுல இருந்து கொஞ்ச தூரம் போனா வர்ற நீர்த்தேக்கத்துல. மழையில மாட்டிக்கிட்டு மூணு நாளா அங்கயே கட்டிக் கெடக்கு. நானோ வீட்டுல லீவுல இருக்கேன், அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தங்கச்சிக்குப் பரிசம் போடுறாங்க. ஆபீஸ்ல இருந்து போன், "நீதான் பக்கத்துல இருக்க, சாமான் பொட்டிய வேன்ல அனுப்பிட்டோம், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்"னு. நானும் மாட்டேன்னு சொல்லத் தெரியாத கழுத, காலையில மொத பஸ்ஸுல ஏறிட்டேன்.

அங்க படகுத்துறைய ரஷீத் நானா பாத்துக்குவாரு, முஸ்லிம் அண்ணமாரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். மேல ரோட்டுல சின்னக் கட வச்சிருக்காரு, பிளேன் வந்தா எறங்கி வந்து கயிறு கட்டுவாரு. பிளேன் ஓட்டுற கெப்டன் சிங்களவர், தங்கமான மனுஷன். அவருக்கு ஒரே கவலதான், மூணு மணிக்குள்ள கெளம்பணும், அதுக்கப்புறம் மூடுபனி எறங்கிட்டா அன்னைக்குப் பறக்க முடியாது. கைக்கொழந்தையோட ஒரு குடும்பம் வேற மூணு நாளாக் காத்துக் கெடக்காங்க.

வேல எப்படின்னா, மொதல்ல அந்த இரும்பு மேல இருக்கிற பெயிண்ட மெதுவாச் சொரண்டி எடுக்கணும், கழுவணும், செவப்புத் தண்ணி ஒன்னு அடிச்சுக் காத்திருக்கணும், தொடச்சிட்டு மேல வெள்ள மருந்து அடிக்கணும். வெடிப்பு இருந்தா உள்ள போன செவப்பு வெள்ளைக்கு மேல கோடா வரும். வலது பக்கம் துறையோட ஒட்டி நின்னுச்சு, உக்காந்து ஒழுங்கா பண்ணேன், சுத்தமா இருந்துச்சு, ஆனா சொரண்டி முடிக்கவே மத்தியானம் ஆயிருச்சு. இடது பக்கம் தண்ணிக்கு மேல நிக்குது. அதப் பாக்கணும்னா கயித்த அவுத்து, மூணு பேரு சேந்து பிளேனத் திருப்பி, இந்தப் பக்கமாக் கட்டணும். மழ தூறுது. என் பஸ் ரெண்டரைக்கு. "திருப்பணுமா?"ன்னு கெப்டன் கேட்டாரு.

வேணான்னு சொன்னேன். மூக்குப் பக்கமா எட்டி டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்னு சொன்னேன். அடிச்சேன்தான், பத்தடி தள்ளி நின்னு, தெரிஞ்சது பெயிண்ட்தான். ஒரு பக்கம் இம்புட்டு சுத்தமா இருக்கே, அந்தப் பக்கம் மட்டும் என்ன ஆகிடப் போகுதுன்னு எனக்கு நானே சமாதானம். தோட்டத்துல கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க, பாதி நாள் கூலிதான், எங்கம்மா எத்தன நாள் அரைப்பேரு வாங்கிட்டு அழுதுருக்கு, நான் பாதி வேலைக்கு முழுப்பேரு போட்டுக்கிட்டேன். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, ஒங்ககிட்டதான் சொல்றேன்.

துறைக்குப் பக்கத்துல தகரக் கொட்டக ஒன்னு இருக்கு, அதுல உக்காந்து ஃபாரம் எழுதுனேன். அது ஒரு மணிக்கும் மேல இழுத்துருச்சு, எழுதுறத விட எழுதாம உக்காந்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. இடது பக்கம், வெடிப்பு இல்லன்னு எழுதுன எடத்துல பேனா நின்னு நின்னு ஓடுச்சு. அப்பத்தான் அந்தச் சத்தம். டக் டக், கொஞ்சம் விட்டு, டக். இரும்புல தட்டுற சத்தம். மொதல்ல படகு துறையில மோதுதுன்னு நெனச்சேன். மறுபடியும் டக் டக், டக். அது என் பழக்கம். எந்த எடத்தப் பாத்து முடிச்சாலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால ரெண்டு தட்டு, விட்டு ஒரு தட்டு. புஸ்தகத்துல இல்லாதது, கூட வேல செய்றவங்க கேலி பண்ணுவாங்க. ஸ்க்ரூடிரைவர் என் முன்னால மேசையில கெடக்கு.

பாத்துக்கிட்டே இருக்கேன், ரஷீத் நானா வாசல்ல வந்து நின்னாரு. என்னப் பாத்ததும் மனுஷன் மூஞ்சியில ரத்தமே இல்ல.

"மகள், நீங்க இங்கயா இருக்கீங்க?"

"ஏன் நானா?"

"அப்ப அங்க நிக்கிறது யாரு?"

"எங்க?"

"அந்தப் பக்கத்து மிதவையில. ஒங்க மஞ்சக் கோட்டு, ஒங்க தொப்பி. ஒன்னர மணியில இருந்து குனிஞ்சு வேல செஞ்சிட்டு இருக்கீங்க. சோறு திங்கக் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. வேல மும்முரம்னு விட்டுட்டேன்."

மஞ்சக் கோட்டு என் ஒடம்புலதான் இருந்துச்சு. நம்புனா நம்புங்க, இல்லாட்டி போங்க, எனக்கு அந்த நேரம் பேயி நெனப்பே வரல, நான் பாக்காத எடத்த யாரோ பாக்குறாங்க, என் திருட்டு வெளிய வந்துருச்சுன்னுதான் பயம் வந்துச்சு. வெளிய ஓடுனேன். ராத்திரியில்ல, பட்டப்பகல், ரெண்டே கால் மணி. ஆனா துறையச் சுத்தி மட்டும் ஒரு துண்டு மூடுபனி தண்ணி மேல எறங்கி நின்னுச்சு, பிளேனோட வலது பாதிதான் தெரியுது, அந்தப் பக்கம் ஒன்னுமில்ல, வெள்ளையா. கெப்டன் மேல ரோட்டுல அந்தக் குடும்பத்தக் கூட்டிட்டு வரப் போயிருந்தாரு. துறையில நானும் நானாவும் மட்டும்தான்.

டக் டக். டக்.

"யாரது?"ன்னு கத்துனேன். சத்தம் நின்னுருச்சு.

இப்பச் சொல்லப் போறததான் என்னால மறக்க முடியல. மிதவையில ஆள் நின்னா பிளேன் அந்தப் பக்கமாக் கொஞ்சம் சாயும், ஆள் எறங்குனா நிமிரும். அது எனக்கு மனப்பாடம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், எங்க பக்கத்து மிதவை நாலு வெரக்கட கீழ எறங்குச்சு. அந்தப் பக்கம் இருந்த எட போயிருச்சு. தண்ணியில குதிச்ச சத்தமில்ல, படகில்ல, நீச்சலில்ல. சும்மா போயிருச்சு. நானா வாய்க்குள்ள ஓத ஆரம்பிச்சிட்டாரு.

"நானா, கயித்த அவுத்து விடுங்க, திருப்புவோம்"னேன். கயிறு வழுக்குது, ரெண்டு பேரா இழுத்து எப்படித்தான் திருப்புனோமோ தெரியாது. இடது பக்கம் துறைக்கு வந்துச்சு. டார்ச் அடிச்சேன்.

பெயிண்ட் சொரண்டியிருந்துச்சு. அரகொறயா இல்ல, ஓரம் வரைக்கும், நான் சொரண்டுற மாதிரியே. மேல வெள்ள மருந்து, இன்னும் காயல. வெள்ளைக்கு நடுவுல செவப்பா ஒரு கோடு, தலமயிர் மொத்தம், சுண்டுவெரல் நீளம். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கோடு நல்லா ஊறித் தடிச்சுது. என் மருந்து டப்பா ரெண்டும் கொட்டகையில என் காலடியிலதான இருந்துச்சு? ஓடிப் போய்ப் பாத்தேன், இருந்துச்சு.

கெப்டன் கொடையோட எறங்கி வர்றாரு, பின்னால அந்தக் குடும்பம், கொழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாங்க. "நங்கி, ஹரித?"ன்னு சிங்களத்துல கேட்டாரு, தங்கச்சி, எல்லாம் சரிதானேன்னு. என் பாக்கெட்டுல ஃபாரம், ரெண்டு பக்கமும் வெடிப்பு இல்லன்னு நானே எழுதுனது. அஞ்சு நிமிஷம் முன்னாடி அவரு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சத்தியமாக் குடுத்திருப்பேன். பாக்கெட்டுக்குள்ளயே அதக் கசக்கிக்கிட்டு, "வெடிப்பு இருக்கு, பறக்க முடியாது"ன்னேன். கொழந்தையோட அப்பா என்னத் திட்டித் தீத்தாரு, பொம்பளைய வேலைக்கு வச்சா இப்படித்தான்னாரு. சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் கரையில தூக்கி வச்சு அந்த இரும்பக் கழட்டுனப்ப, வெளிய தெரிஞ்சது கொஞ்சம்தான், உள் பக்கமா பாதிக்கு மேல போயிருந்துச்சு. இன்னும் ரெண்டு தடவ தண்ணியில எறங்கியிருந்தாலே றெக்க நின்னிருக்காதுன்னு பெரிய எஞ்சினியர் சொன்னாரு. ரெண்டு பக்கமும் புதுசு போட்டு, சுத்தியிருந்த தகடெல்லாம் மாத்திப் புதுசா ஆணி அடிச்சு, அதுக்கப்புறம்தான் பறந்துச்சு. மழையிலயும் மூடுபனியிலயும் விடாம ரெண்டு பக்கமும் பாத்த பொண்ணுன்னு ஆபீஸ்ல கைதட்டுனாங்க, கேக் வெட்டுனாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே கேக்கத் தின்னேன். தங்கச்சி பரிசத்துக்குப் போகல. "பிளேனையே கூடப் பொறந்தவளா வச்சுக்க"ன்னுட்டு அவ ஒரு மாசம் பேசல.

நானாகிட்ட மறுநாள் கேட்டேன், மூஞ்சியப் பாத்தீங்களான்னு. "அத மட்டும் கேக்காதீங்க மகள்"னுட்டுப் பலகைய எடுத்துக் கடைய மூடிட்டாரு, காலையில பத்து மணிக்கு. அம்மாகிட்ட சொன்னா ரோதமுனின்னு சொல்லும், நானா மனசுக்குள்ள ஜின்னுன்னு நெனச்சிருப்பாரு. முனியும் ஜின்னும் எதுக்குங்க என் மஞ்சக் கோட்டப் போட்டுக்கிட்டு வரணும்?

இதோட முடிஞ்சிருந்தா, மூடுபனி, பசி, பயம்னு நானே ஏதாச்சும் காரணம் சொல்லி மறந்திருப்பேன். ஆனா எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா அது மொத தடவ இல்ல. அதுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால, கொழும்புல, காய்ச்சலோட வேலைக்குப் போன ஒரு நாள், இன்னொரு பிளேனோட வால் பக்கம் ஒரு மூடியத் தெறந்து உள்ள இருக்கிற இரும்ப மருந்தடிச்சுப் பாக்கச் சொல்லி உத்தரவு. தெறக்காமலே பாத்ததா எழுதிட்டேன். இந்த நீர்த்தேக்கத்து விஷயம் நடந்து மூணு மாசம் கழிச்சு அந்த பிளேன் சர்வீசுக்கு வந்துச்சு. யாருக்கும் சொல்லாம ஒரு சாக்குச் சொல்லி அந்த மூடிகிட்டப் போனேன். ஆணித் தலையெல்லாம் பெயிண்டோட பெயிண்டா ஒட்டிக் கெடந்துச்சு, நான் அந்தப் பொய்ய எழுதுறதுக்கு முந்தி பிளேனுக்குப் பெயிண்ட் அடிச்சதுல இருந்து ஒருத்தரும் தொடல. பிளேடு வச்சு அறுத்துத்தான் கழட்டுனேன். பிளேன்ல செஞ்ச வேலையெல்லாம் பதியிற லொக் புக்குலயும் நான் எழுதுன அந்தப் பொய்ய விட்டா வேற ஒரு வரி இல்ல.

உள்ள டார்ச் அடிச்சேன். வெள்ள மருந்து அடிச்சிருந்துச்சு. வருஷக்கணக்கா இருக்கும், காஞ்சு பொரிஞ்சு உதுந்து கெடந்துச்சு. செவப்புக் கோடு ஒன்னுமில்ல, நல்ல இரும்பு. ஓரத்துல, எட்டிப் பாக்குறப்ப நான் கை ஊனுற எடத்துல, மூணு வெரல் பதிஞ்ச அடையாளம்.

என் வெரல அதுமேல வச்சுப் பாக்கல. வைக்கவும் மாட்டேன். தொடைக்காம மூடிட்டு வந்துட்டேன், இப்ப அந்த பிளேனோட வால் பக்கம் வேலன்னா வேற ஆளத்தான் அனுப்புறேன்.