பொட்டலத்தோடு வரும் பேய்

"அந்த ஜன்னலப் பாருங்க. மூணாவது ஜன்னல். பாத்துட்டீங்களா? போதும், ரொம்ப நேரம் பாக்காதீங்க."

சொல்லிவிட்டுத் தயாளன் திரும்பிப் பாராமல் நடக்கிறார். பின்னால் வரும் பன்னிரண்டு பேரும் அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு மொத்த வியாபாரியின் குடைக் கிடங்கு. அங்கே என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "மொதல்ல சாப்புடுவோம் சார். வெறும் வயித்துல கேக்குற கதை இல்ல அது," என்பார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருக்கு ஒரு கதை தோன்றிவிடும்.

கப்பல் ஏஜண்டு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கோப்பு தூக்கியவர். ஓய்வு பெற்ற மறு வாரமே 'ஊர்க் கதையும் ஊர்ச் சாப்பாடும்' என்று அட்டை அடித்துக்கொண்டு பினாங்கு ஜார்ஜ் டவுன் தெருக்களில் இறங்கிவிட்டார். தைப்பூசக் காவடி இறங்கியதிலிருந்து சித்திரை வரைக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "சம்மருக்கு முன்னாடி சுத்திப் பாத்துடலாம்னு வந்தோம்," என்பார்கள். "எங்க ஊருல வருசம் முழுக்க சம்மர்தான். லீவுதான் இல்ல," என்பார் இவர்.

கடற்கரையோரம் கிடக்கும் துருப்பிடித்த நங்கூரம் ஒன்றுக்கு ஒரு கப்பல் தலைவனை வைத்திருக்கிறார். நாகப்பட்டினத்துக்காரர்கள் வந்தால் தலைவன் நாகப்பட்டினத்தான். தூத்துக்குடிக்காரர்கள் வந்தால் தூத்துக்குடியான். ஒருமுறை மதுரைக் குடும்பம் ஒன்று வந்தது. பழக்க தோஷத்தில் மதுரையான் என்று சொல்லிவிட்டார். "மதுரையில ஏதுங்க கடல்?" என்றார் அந்த வீட்டு மாப்பிள்ளை. "அதாலதான் சார் அவரு கப்பலப் பாத்ததும் ஏறிட்டாரு," என்றார் தயாளன், கண் சிமிட்டாமல். மாப்பிள்ளை அதைக் குறித்துக்கொண்டார்.

நாசி கண்டார், செண்டோல், ரொட்டி சானாய் என்று எல்லாக் கடைக்கும் கூட்டிப் போவார். ஒரே ஒரு கடைக்கு மட்டும் யாரையும் கூட்டிப் போக மாட்டார். அது ஃபெரித் துறைக்குப் போகும் சந்தில், அங்சானா மரத்தடியில், ஆசியா பீவி போடும் பசெம்பூர் வண்டி. இறால் வடையும் கணவாயும் வெள்ளரியும் அரிந்து போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்குக் குழம்பைச் சுடச்சுட ஊற்றுவார் பீவி. தினமும் ஐந்து மணிக்கு அந்தத் தட்டு இல்லாவிட்டால் தயாளனுக்கு அன்றைய நாளே கணக்கில் சேராது. டத்தோ கிராமாட்டில் அவருக்கு அடுத்த வீட்டில் இருப்பவள் நான், எனக்குத் தெரியும்.

இந்த வருடம் வந்தது வினை. சென்னையிலிருந்து வந்த மோகனா என்ற அம்மாள், மூக்கால் மோந்தே அந்தச் சந்தைக் கண்டுபிடித்துவிட்டார். "சார், இங்க சாப்டுட்டு, ஹோட்டலுக்கும் ஒரு இருபது பார்சல் கட்டிக்கலாமா?" என்றார். பார்சல் என்று அவர் சொன்னது இங்கே புங்குஸ். இருபது புங்குஸ் என்றால் குழம்புப் பானை காலி. தயாளனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வாய் திறந்தார்.

"தட்டுல சாப்புடுங்க, பரவால்ல. புங்குஸ் மட்டும் வேணாம்மா. இந்த மரத்துல ஒன்னு இருக்கு. பொட்டலம் கட்டிப் போனா அதுவும் கூடவே வந்துரும்."

மோகனா பயப்படவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தார். கைப்பேசியை நீட்டி, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார். நம் ஆளும் குரலைத் தாழ்த்தி, இரண்டு விவரம் கூட்டிச் சொன்னார். அது சென்னைக்குப் போய், நாலே நாளில் பினாங்குக்கே திரும்பி வந்துவிட்டது.

பீவியின் வியாபாரம் தட்டில் இல்லை. வேலை முடிந்து பட்டர்வொர்த் ஃபெரியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வீட்டுக்குக் கட்டிப் போவதில்தான் இருந்தது. அவர்கள் நின்றுவிட்டார்கள். லோகேஸ்வரி என்று ஒரு பெண், அக்கரையிலிருந்து வேலைக்கு வருபவள், ஆறு வருடமாகத் தினமும் மூன்று பொட்டலம் வாங்கியவள். அவளிடம் கேட்டேன். "நம்பிக்கையெல்லாம் இல்லக்கா. ஆனா வீட்டுல சின்னப் பிள்ள இருக்குலா," என்றாள்.

முதல் இரண்டு வாரம் தயாளனுக்குக் கொண்டாட்டம். வரிசை இல்லை, நெரிசல் இல்லை, குழம்பு கேட்டபோதெல்லாம் கிடைத்தது. மூன்றாவது வாரம் பீவி கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "இந்த மாசத்தோட போதும்னு இருக்கேன் தம்பி. மக தாசேக் கெலுகோருக்கே வந்துருங்கன்னு கூப்புடுது. புங்குஸ் இல்லாட்டி இது கடையே இல்லலா. மரத்துல என்னமோ இருக்காம்."

"யாருக்கா சொன்னா?" என்று கேட்டிருக்கிறார் இந்த மனிதர். அதைக் கேட்க வாய் வந்ததே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வீட்டு வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு இதை என்னிடம் சொன்னபோது அவர் முகம் செத்துக் கிடந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த மரத்தடியில் நின்ற ஒரு பெண்பிள்ளையைத் தன் வாயே கிளப்பப்போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

"உண்மையச் சொல்லித் தொலைங்கண்ணே," என்றேன்.

"சொல்லிட்டேன்மா. நேத்து ஃபெரித் துறையிலயே நின்னு, பேயும் இல்ல பிசாசும் இல்ல, நான் கட்டி விட்டதுன்னு சொன்னேன். 'பாவம், அண்ணனையே புடிச்சிருச்சி போல, அதுக்கு வக்காலத்து வாங்குறாரு'ன்னு அந்த லோகேஸ்வரி என் நெத்தியில துன்னூறு பூசி விட்டுட்டுப் போவுது."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுப் பின்கட்டில் டக் டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மளிகைக் கடையிலிருந்து ஒரு மூட்டை அடுப்புக்கரி வாங்கி வந்து, சுத்தியலால் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தார். கறிச்சோறு கொண்டு போகும்போது காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க மேலே ஒரு கரித்துண்டு வைப்பது நம் வீடுகளில் உள்ளதுதானே. பேயை இல்லையென்று சொல்ல முடியாது. இருக்கட்டும், அதற்கு ஒரு வேலியைப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்திருந்தார். கரிப்பையை பீவியிடம் கொடுத்து, "டூரிஸ்ட்டுங்க கேப்பாங்கக்கா, புங்குஸ்ல ஆளுக்கு ஒன்னு வச்சி விடுங்க," என்றாராம். பீவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாராம். பேயைக் கட்டி விட்டது தான்தான் என்பது பீவிக்குத் தெரியாது என்று தயாளன் என்னிடம் சத்தியம் செய்தார்.

அன்றிலிருந்து வருகிறவர்களையெல்லாம் நேரே அங்சானா மரத்தடிக்கே கூட்டி வந்தார். "கரி இருந்தா அது கிட்டயே வராது. என்னா, சாதாக் கரி ஆவாது, பீவியக்கா கையால வைக்கணும்." கரி வைத்த பொட்டலத்தைப் படம் பிடிக்காத ஆள் இல்லை. இரண்டாவது வாரம் ஃபெரிக்காரர்கள் திரும்பினார்கள். லோகேஸ்வரி மூன்றுக்கு நான்காக வாங்கினாள், நாலாவது வெறும் கரிக்காக. பீவி மகளுக்கு ஃபோன் போட்டு, பெருநாளைக்கு வந்து எட்டிப் பார்ப்பதாக மட்டும் சொன்னார்.

போன வியாழக்கிழமை தயாளனோடு நானும் போனேன். வரிசை சந்து முனை வரை நின்றது. நாங்கள் கடைசி. எங்களுக்கு முன்னால் இன்னும் பதின்மூன்று பேர் இருக்கும்போதே பீவி பானையைக் கவிழ்த்துக் காட்டினார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. தயாளன் மட்டும் நின்றார்.

"தம்பி, இங்க வாங்க. உங்களுக்குன்னு புங்குஸ் பண்ணி வச்சிருக்கேன்," என்றார் பீவி.

தயாளனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பார்த்தாயா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் வாங்கினார். அங்கேயே ரப்பர் வளையத்தைக் கழற்றினார். தாளுக்குள் வாழையிலை. இலைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிக்கட்டி. வேறொன்றும் இல்லை.

"இது இருந்தா அது நம்ம கடை கிட்டயே வராதாம்ல," என்றார் பீவி, கரண்டியைக் கழுவியபடி. "தெனம் அஞ்சு மணிக்கு வர்றது நாளைக்கும் வருதா பாப்போம்."

தயாளன் கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு சந்து முனை வரை நடந்து போய், அங்கிருந்த சாக்கடைக்குள் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்தபடி திரும்பி வந்து வண்டியை ஒட்டி நின்றுகொண்டார்.