மருவுக்குப் போட்ட பொரி

போன கோடையில் மதுரையிலிருந்து பட்டணத்துக்குப் போனபோது, குழந்தைகளுக்குக் கடற்கரை மீன் காட்சிச்சாலையைக் காட்டினேன்.

என் ஏழு வயது மகள் செல்லத்தின் விரலில் ஒரு மரு. திருப்பரங்குன்றத்துக் குளத்து மீன்களுக்கு உப்பும் பொரியும் போட்டால் மரு உதிரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புறப்படும் அவசரத்தில் போட முடியாத பொட்டலம் என் கூடையிலேயே கிடந்தது.

அங்கே ஒரு தொட்டி மேலே திறந்திருந்தது. 'கையை விடாதீர்கள்' என்ற பலகையைக் குழந்தைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டியவளே நான்தான். ஆனால் காவலாளி அப்பால் நகர்ந்ததும் புத்தி மாறியது.

"எம்புட்டு மீன் கெடக்கு! சட்டுன்னு போடு தாயி" என்று பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

குளத்து மீன்கள் விரலைக் கொத்தும் சுகத்துக்குப் பழகியவள், பொரியை அள்ளி, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அடி மணலிலிருந்து வரிவரியாக ஒன்று நெளிந்து எழுந்தது. ஓடி வந்த காவலாளி அவளை வெடுக்கென்று இழுத்தார்.

"கடல் பாம்பும்மா! கடிச்சா புள்ள பொழைக்காது. பலகையைப் படிக்கலையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

செல்லம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இப்போதெல்லாம் எந்தப் பலகையைக் கண்டாலும் நின்று படித்து, அதன்படியே நடக்கிறேன். செல்லம் மட்டும் நான் படித்ததைக் கேட்டு நகர்வதில்லை. தானே எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் வருகிறாள்.