கீழ்வீட்டுக்கு வந்த மெக்சிக்கோ நடிகர்

சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு ஸ்பானிய மாமி குடியிருந்தார். அவரும் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார்கள். வேலை முடிந்த பின்னேரங்களில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குவார். மாமியின் டிஷ் அன்டெனாவில் மெக்சிக்கோ நாடகங்கள் வரும். ஸ்பானிய மொழியில் நடப்பதை மாமி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்ல, அதை நான் தமிழில் சொல்ல, அம்மாவிடம் போய்ச் சேரும்போது அது வேறொரு கதையாகியிருக்கும். அழவேண்டிய இடங்களில் மட்டும் மூவரும் பிசகாமல் ஒன்றாக அழுதோம்.

எங்கள் மூவருக்கும் பிடித்த நடிகர் ஒருவர்தான். முதல் நாடகத்தில் அவர் குதிரைக்காரன். பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பிந்தியது. அடுத்த நாடகத்தில் மீசையோடு, கொடுமைக்காரப் பண்ணை முதலாளியாக வந்து நின்றார். செத்தவர் எழும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம். இவ்வளவு கெட்டுப்போனது ஏனென்றுதான் விளங்கவில்லை. மூன்றாவது நாடகத்தில் ஒருவழியாகக் கதாநாயகன் ஆனார்.

அந்தப் பூரிப்பில் மாமி அவருடைய பழைய கதையைச் சொன்னார். இளம் வயதில் விருந்துக் காட்சிகளில் தட்டு ஏந்தி நிற்பதுதான் அவருக்குக் கிடைத்த வேடமாம். வருஷக்கணக்காக ஒரு வசனமும் இல்லை. ஒருநாள் தானாகவே இயக்குநரிடம் போய், தனக்குப் பேசவும் தெரியும் என்றாராம்.

அம்மா இதை அன்றே அப்பாவிடம் சொன்னார். அப்பா ஊரில் கலியாண வீடுகளுக்குச் சமைத்தவர். இங்கே மருத்துவமனைச் சமையலறையில் சட்டி கழுவினார். பேசும் ஜெர்மன் பிழையாகிவிடும் என்ற பயத்தில் அங்கே வாயே திறப்பதில்லை.

"அந்த மனிசன் கேட்டபடியாத்தானே குடுத்தவங்கள். நீங்களும் ஒருக்காக் கேளுங்கோவன்," என்றார் அம்மா.

"அவர் வடிவான ஆள். நான் கேட்டால் சிரிப்பினம்."

ஆனாலும் அதற்குப் பிறகு அப்பா சவரம் செய்யும்போது குளியலறைக்குள் ஜெர்மன் கேட்கத் தொடங்கியது.

கதாநாயகனுக்குக் கலியாணம் நடக்கவிருந்த நாளும் வந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்த கலியாணம். அம்மா நல்ல சேலை உடுத்து, தலைவாரி, கதவைத் திறந்தால் வெளியே அப்பா நின்றார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதைக்கத் தொடங்கினார். அன்று சமையல்காரர் ஒருவர் வரவில்லையாம். தனக்குச் சமைக்கத் தெரியும் என்று பெரிய சமையல்காரரிடம் சொல்லிவிட்டாராம். அவர் சிரிக்கவில்லையாம், கரண்டியைக் கையில் கொடுத்தாராம். வேலை செய்கிறவர்களுக்கு அப்பா கோழிக்கறி வைத்தாராம். தாதிமார் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார்களாம்.

பிறகுதான் அம்மாவின் சேலை அவர் கண்ணில் பட்டது. "நீர் போம், நாடகம் துவங்கப்போகுது."

"அது கிடக்கட்டும்," என்று அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெங்காயம் வெட்டினதிலையிருந்து சொல்லுங்கோ."

நான் தனியாகக் கீழே ஓடினேன். தேவாலய மணி அடித்தது, மணமகள் அழுதாள், மாமியும் அழுதார். எல்லாவற்றையும் மனதில் அடுக்கிக்கொண்டு மேலே வந்தேன். வீட்டில் விளக்குக்கூடப் போடவில்லை. அப்பா அப்போதுதான் உப்புப் போடும் இடத்துக்கு வந்திருந்தார். அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கலியாணம் எப்படி நடந்தது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

அவ்வளவு நல்ல காட்சியைத் தவறவிட்டுவிட்டாரே என்று அன்றிரவு முழுக்க எனக்கு அம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது.