கிளி அட்டையின் கடைசி வரி

என் தகப்பனாரின் தங்கையாகிய அத்தை துணியால் கிளி செய்வார். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களிடம் மிஞ்சும் பச்சைத் துணித் துண்டுகளை வாங்கி வந்து, இலவம் பஞ்சு அடைத்து, சிவப்பு நூலால் மூக்கு வைத்து, கிளிகளை வரிசையாக ஒரு கயிற்றில் கோப்பார். குழந்தை உறங்கும் தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடுவதற்கானவை அவை.

திருத்தணி மலையடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அத்தையும் மாமாவும் இருந்தனர். தெருவில் எவர் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் இட்டாலும் அங்கே அத்தையின் கிளிகள் ஆடும். ஆனால் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் என் தாயார், அத்தை வரமாட்டார். அத்தைக்குக் கூட்டம் என்றால் ஆகாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நானும் அதை ஐயமின்றி நம்பியிருந்தேன்.

ஐந்து பிள்ளைகளில் கடைசியான எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஆடிக் கிருத்திகைக்குச் சில நாள்களுக்கு முன், மலைக்குப் போகும் வழியில் பொம்மைக் கடை வைத்திருந்தவர் அத்தையின் கிளிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார்.

“மெட்ராஸ் சரக்கப் பாரும்மா, ஒவ்வொண்ணுலயும் ஒரு அட்டை தொங்குது. அட்டை இருந்தா பேரம் பேச ஜனங்க கூச்சப்படுதுங்க. நீயும் அச்சடிச்சுக் கட்டிகினு வா. கிருத்திகைல ஓடிச்சின்னா வருசம் பூரா நானே எடுத்துக்கறேன்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை தரையில் நடக்கவில்லை. அட்டைக்கு அவர் அலைய வேண்டியதும் இல்லை. மாமா ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அதிகம் பேசாதவர். ஈய எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போன விரல்களை உடையவர். ஒரு கிளிப்படமும் அதன் கீழே ஊர்ப் பெயரும் இருந்தால் போதும் என்று அத்தை அவரிடம் கேட்டுக்கொண்டார்.

கிருத்திகைக்கு முந்தின நாள் நண்பகலில் மாமா செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்துடன் வந்தார். திருவிழா நோட்டீசு வேலை காத்திருந்தபடியால் சோற்றை அவசரமாக உண்டுவிட்டு எழுந்தார். வாசலில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே, “பிரிச்சுப் பாரு. நீ கேக்காத ஒண்ணு அதுல இருக்கு” என்றார். அவர் சிரித்துக்கொண்டே போனதை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

அத்தை பொட்டலத்தைப் பிரித்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டி மிஞ்சிய ரோஜா நிற அட்டைகள். சுற்றிலும் கொடி போட்ட கரை. நடுவில் ஒரு கிளி. அதன் கீழே திருத்தணி. அதற்கும் கீழே, கடைசி வரியில், கைவேலை என்று போட்டு அத்தையின் பெயர். அச்சில் எங்கள் குடும்பத்தார் எவரது பெயரையும் அதுவரை நான் கண்டதில்லை. நான் அதை உரக்கப் படித்தேன். அத்தை என் வாயைப் பொத்தினார்.

அவர் அட்டைகளை முந்தானையில் வாரிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, கதவைச் சாத்தி, என் தாயாரின் முன் கொட்டினார்.

“இன்னா பண்ணி வச்சிருக்காரு பாருங்க அண்ணி.”

என் தாயார் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு, “ஆசையாத்தான் பண்ணிருக்காரு” என்றார்.

“ஆசைதான். ஆனா தொட்டில்ல கட்ற பொருளாச்சே? பேரப் பாத்தா யாருன்னு கேப்பாங்க. யாருன்னு தெரிஞ்சா எனக்கு எத்தினி பசங்கன்னு கேப்பாங்க. அப்புறம் ஒருத்தியாச்சும் கைல எடுப்பாளா? கடைக்காரரு கூடையோட தூக்கித் தெருவுல வச்சிடுவாரு.”

“வேற அடிச்சுக் குடுக்கச் சொல்லேன்.”

“எப்படிச் சொல்லுவேன்? அவருகிட்ட இத எந்த வாயால சொல்லுவேன்?”

என் தாயார் எழுந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

என்னை வாசலில் நிறுத்தினார்கள். மாமாவின் மிதிவண்டி தெருமுனையில் தென்பட்டால் ஓடிவந்து சொல்லவேண்டும் என்பது எனக்கிட்ட பணி. காவடிகளும் மேளங்களும் அப்போதே வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு மணியோசையும் மாமாவின் மணியோசையாகவே என் காதில் விழுந்தது. நான் தெருவையும் வீட்டுக்குள்ளேயும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளே அத்தை அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்ட, என் தாயார் கடைசி வரியை நறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை அழகாக அச்சான பெயரை ஏன் வெட்டுகிறார்கள் என்பதும், நல்ல காரியம் செய்த மாமாவை எதற்காகத் திருடனைப் போல எதிர்பார்த்து அஞ்சுகிறோம் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

வெட்டி முடித்தபோது பெயர்த் துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. “அடுப்புல போட்டுடு” என்றார் என் தாயார். அத்தை அவற்றை அள்ளிக்கொண்டு அடுப்படிவரை சென்றார். நெருப்பைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து என் பாவாடையில் கொட்டினார்.

“வெளையாட வச்சுக்க. வெளில எடுத்துகினு போவாத.”

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கே வந்து, “புடிச்சிருந்துச்சா?” என்று கேட்டார். அட்டை கட்டிய கிளிகள் அதற்குள் கூடையில் அடுக்கப்பட்டு, மேலே துணி போர்த்திக் கட்டப்பட்டிருந்தன. அத்தை முடிச்சைப் பிடித்தபடியே, “ஆங், ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். மாமா இன்னும் ஏதோ ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

மறுநாள் கூட்டத்தில் நெருக்குண்டு கடையை அடைந்தோம். கடைக்காரர் ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா, மூணு பக்கம் கரை கீது, கீழ மட்டும் காணோம்?”

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. என் தாயார் சற்றும் தயங்காமல், “அதாங்க புது மாடலு. மெட்ராஸ்ல இப்ப இப்படித்தான்” என்றார். மெட்ராஸ் எந்தத் திசையில் இருக்கிறதென்று கூட என் தாயாருக்கு உறுதியாகத் தெரியாது. கடைக்காரர் தலையை ஆட்டிக் கிளிகளை முன்வரிசையில் தொங்கவிட்டார்.

முதலில் நின்றவர், ஆந்திரப் பக்கத்திலிருந்து மொட்டைத்தலையுடன் வந்திருந்த ஒரு முதிய அம்மையார். அவருடைய மகள் நிறைமாதக் கர்ப்பிணியாக அருகில் நின்றாள். அம்மையார் அட்டையைத் தொட்டுவிட்டு, “யாரு கைவேலம்மா இது?” என்றார்.

எனக்குத் தெரிந்த விடை என் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அத்தையின் விரல்கள் என் தோளை இறுக்கின.

“நான்தாங்க” என்றார் என் தாயார்.

“பசங்க எத்தினி பேரு உனக்கு?”

“அஞ்சுங்க. இதுதான் கடைக்குட்டி” என்று என்னை முன்னே தள்ளினார்.

“ராசியான கை” என்ற அம்மையார், என் தாயாரின் கையைப் பற்றித் தம் மகளின் வயிற்றின்மேல் வைத்து எடுத்தார். பிறகு ஒரு தொங்கலுக்கு இரண்டாக வாங்கிச் சென்றார். கூடை பொழுது சாய்வதற்குள் காலியாயிற்று.

“அம்மா பொய் சொல்றாங்க அத்தை” என்று நான் அழாத குறையாக முறையிட்டேன். அத்தை குனிந்து, “வித்துடுச்சில்ல, வாயை மூடிக்கினு வா” என்றார். அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார். மற்றவர் உழைப்பைத் தமதென்று சொல்லிய என் தாயாருடன் நான் அன்று முழுவதும் பேசவில்லை.

திருவிழா ஓய்ந்த பின் ஒரு மாலை, எங்கள் கொல்லையில் நான் பள்ளிப்பட்டுக்குப் பேருந்து விட்டுக்கொண்டிருந்தேன். செங்கற்கள் பயணிகள், பெயர்த் துண்டுகள் பயணச்சீட்டுகள். அளவிலும் நிறத்திலும் அவை அப்படியே பேருந்துச் சீட்டுகள். அத்தையைத் தேடிவந்த மாமா கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தார். செங்கல்மேல் இருந்த சீட்டை எடுத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். பிறகு என் மடியில் இருந்த குவியலைப் பார்த்தார்.

நான் நடத்துநராகையால், “எந்த ஊருங்க?” என்று கேட்டேன்.

அவர் ஊர் சொல்லவில்லை. “ஒண்ணு குடு” என்று மட்டும் சொல்லி, ஒரு துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“தொலைச்சுடாதீங்க மாமா, செக்கிங் வருவாங்க.”

“ஆங்” என்றார்.

கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேலும் கிளிகள் கேட்டனுப்பினார். அடுத்த வாரமே மாமா புதிய அட்டைகளைக் கொண்டுவந்து அத்தையின் முன் வைத்தார். அதே ரோஜா நிறம், அதே கிளி, கீழே திருத்தணி. இம்முறை நான்கு பக்கமும் கரை முழுமையாக இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை.

“எழுத்து பத்தல” என்றார் மாமா, கையைக் கழுவியபடி.

அத்தை அட்டையின் கீழ்க்கரையை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, அவருக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டு எடுத்து நீட்டினார். துண்டின் ஒரு முனையை அவரும் மறு முனையை இவரும் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார்கள்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஊரிலுள்ள கல்யாணங்களையெல்லாம் அச்சடிக்கும் அத்தனை பெரிய அச்சகத்தில், என் அத்தையின் பெயருக்கு மட்டும் எழுத்து இல்லாமல் போயிற்றே என்று நெடுநாள் அந்த முதலாளியின்மேல் கோபமாக இருந்தேன்.